ஒரு வெள்ளிக்குக் கைமாறிய கப்பற்படைத் துறைமுகம்!

பீரங்கிக் கப்பல் நின்ற கரையில் இன்று தூண்டில் போடுகிறார்கள்

சேலம்,

அமைக்க ஆன செலவு 6 கோடி பவுன். அதன் உயிர்நாடியான கப்பல் பட்டறை கைமாறியபோது கொடுத்த விலை ஒரே ஒரு வெள்ளி!

சிங்கப்பூர்த் தமிழர்கள் டாலரை 'வெள்ளி' என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு வெள்ளிக்குக் கைமாறியது, வெள்ளைக்காரன் தன் சாம்ராஜ்யத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கட்டிய கப்பற்படைத் துறைமுகம்.

ஊரின் பெயர் செம்பவாங். சிங்கப்பூர் தீவின் வடக்குக் கரையில் இருக்கிறது.

ஒரு காலத்தில் அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் உள்ளே கால் வைக்க முடியாது. இன்று அங்கே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து தூண்டில் போடுகிறார்கள். குழந்தைகள் மணல் வீடு கட்டுகின்றன. எதிர்க்கரையில் மலேசியாவின் ஜோகூர் தெரிகிறது. அலைகூட அங்கே சத்தம் போடாமல்தான் வந்து போகிறது.

"அதெல்லாம் சரிங்க. கடலே இல்லாத சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் அந்தத் துறைமுகத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம்.

சம்பந்தம் இருக்கிறது. அதுவும் வேர்வை சம்பந்தம்!

கங்காணி காலம்

வெள்ளைக்காரர் ஆட்சியில் மலாயா ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்த காலம் ஒன்று உண்டு. திருச்சி, தஞ்சாவூர், வட ஆற்காடு ஜில்லாக்களோடு சேலம் ஜில்லாவும் அந்தப் பட்டியலில் இருந்தது. நாமக்கல் அப்போது சேலம் ஜில்லாவுக்குள் அடக்கம். அது தனி மாவட்டமானது 1997ல்தான்.

மழை பொய்த்த வருஷம், கடன் கழுத்தை நெரித்த வருஷம் என்றால் கங்காணிக்குக் கொண்டாட்டம். "அக்கரைக்கு வந்தா சம்பளம் இருக்கு, சாப்பாடு இருக்கு" என்பதுதான் பேச்சு. ரயில் ஏறி நாகப்பட்டினம் போவார்கள். அங்கிருந்து கப்பல். பினாங்கு வழியாகச் சிங்கப்பூர்.

'ரஜுலா' என்ற கப்பலின் பெயர் இன்றும் பல குடும்பங்களில் பெரியவர்கள் வாயில் வரும். 1926ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1973 வரை தமிழர்களை ஏற்றி இறக்கியது. போனவர்களில் திரும்பியவர்கள் உண்டு. அங்கேயே மண்ணானவர்களும் உண்டு.

அப்படிப் போன தமிழர்களும், கேரளத்திலிருந்து போன மலையாளிகளும் வேலை பார்த்த இடங்களில் ஒன்றுதான் செம்பவாங் கப்பற்படைத் தளம்.

ரப்பர் தோட்டம் தளமானது!

முதல் உலகப்போர் முடிந்ததும் லண்டனுக்கு ஒரு பயம் வந்தது. ஜப்பானின் கடற்படை வளர்ந்துகொண்டே போகிறது. கிழக்கே பெரிய போர்க்கப்பல்களை நிறுத்த, பழுது பார்க்க பிரிட்டனுக்கு இடமில்லை. சிங்கப்பூரில் ஒரு தளம் வேண்டும் என்று 1921ல் முடிவு செய்தார்கள்.

தேர்ந்தெடுத்த இடம் ரப்பர் தோட்டமும் சதுப்புக் காடும். அதைத் திருத்தி, சேற்றை வாரி, கரையை உயர்த்தினார்கள். தளத்தின் பரப்பு 21 சதுர மைல்!

1928ல் இங்கிலாந்திலிருந்து பிரம்மாண்டமான மிதக்கும் டாக் ஒன்றை இழுவைக் கப்பல்கள் கட்டி இழுத்து வந்தன. சூயஸ் கால்வாய் வழியாக, மாதக்கணக்கில் பயணம்! 50,000 டன் கப்பலைத் தண்ணீரிலிருந்து தூக்கி நிறுத்தக்கூடியது அது.

நடுவில் பணமில்லை என்று வேலை நின்றது. லண்டனில் ஆட்சி மாறினால் திட்டமும் மாறியது. கடைசியில் 1938 பிப்ரவரி 14ஆம் தேதி 'ஆறாம் ஜார்ஜ் மன்னர்' பெயரில் பெரிய உலர் டாக் திறக்கப்பட்டது.

உலர் டாக் என்றால் என்ன?

நாமக்கல் லாரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லாரிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கப் பட்டறையில் பள்ளம் வெட்டி வைத்திருப்பார்கள் அல்லவா? கப்பலுக்கு வெட்டிய அந்தப் பள்ளம்தான் உலர் டாக்.

கதவைத் திறந்தால் கடல் தண்ணீர் உள்ளே வரும். கப்பலும் மிதந்து உள்ளே வரும். பிறகு கதவை மூடி, தண்ணீரை பம்பு வைத்து இறைத்துவிடுவார்கள். கப்பல் தரையில் முட்டுக் கொடுத்து நிற்கும். அடியில் ஒட்டிய பாசியைச் சுரண்டலாம். தகடு மாற்றலாம். பெயிண்ட் அடிக்கலாம்.

செம்பவாங் டாக்கின் நீளம் 1,000 அடி. 30 அடி லாரிகளை மூக்கும் வாலும் தொட நிறுத்தினால், ஒரே வரிசையில் 33 லாரி நிற்கும்!

இங்கே ஒரு விந்தை. அந்த டாக் திறந்த அதே 1938ல்தான், மலாயாவுக்குக் கூலி ஆள் அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. ஆனால் ஏற்கனவே போனவர்கள் போனவர்கள்தான்.

கோட்டை இருந்தது, படை இல்லை!

"சிங்கப்பூர் அசைக்க முடியாத கோட்டை" என்று லண்டன் மார் தட்டியது. ஆனால் தளம் தயாரானபோது அங்கே நிறுத்தக் கப்பல் இல்லை. ஐரோப்பாவில் ஹிட்லரோடு சண்டை. கப்பல்கள் எல்லாம் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டன.

ஒரு வழியாக 1941 டிசம்பர் 2ஆம் தேதி 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் செம்பவாங்குக்கு வந்து சேர்ந்தன. ஊரே பெருமூச்சு விட்டது.

அந்த நிம்மதி எட்டே நாள்தான்!

டிசம்பர் 10ஆம் தேதி மலாயாவின் கிழக்குக் கடலில் ஜப்பான் விமானங்கள் இரண்டையும் மூழ்கடித்தன. மாண்டவர்கள் 840 பேர்.

ஜப்பான்காரர்கள் கடல் வழியாகச் சிங்கப்பூரைத் தாக்கவில்லை. மலாயாவின் வடக்கே இறங்கி, சைக்கிள் மிதித்துக்கொண்டு தரை வழியாக வந்தார்கள். 'பீரங்கிகள் கடலைப் பார்த்தே நின்றன, திருப்பவே முடியவில்லை' என்று இன்றும் ஒரு பேச்சு உண்டு. அது முழு உண்மை அல்ல. பல பீரங்கிகளைத் திருப்பிச் சுட்டார்கள். ஆனால் பெரிய பீரங்கிகளுக்கு இருந்த குண்டுகளில் பெரும்பாலானவை கப்பலின் இரும்பைத் துளைக்கச் செய்தவை. சிதறி ஓடும் காலாட்படையை அவை என்ன செய்யும்?

1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்தது. அதற்கு முன்பே கப்பற்படைக்காரர்கள் தளத்தை விட்டுப் போய்விட்டார்கள். மிதக்கும் டாக்கைத் தாங்களே மூழ்கடித்தார்கள்.

எந்த ஜப்பானுக்குப் பயந்து கட்டினார்களோ, அதே ஜப்பான் அடுத்த மூன்றரை வருஷம் அந்தத் தளத்தில் தன் கப்பல்களைப் பழுது பார்த்தது!

வரிசை வீடும் வேல் முருகனும்

1945ல் வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். தளம் மறுபடி சூடு பிடித்தது. ஆயிரக்கணக்கில் வேலை. கொல்லர், தச்சர், வெல்டர், பெயிண்டர், கிரேன் ஓட்டுபவர், கணக்கர், சமையல்காரர் என்று சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லோரும் ஒரே வாசலில் நுழைந்தார்கள்.

அதிகாரிகளுக்கு மேட்டு நிலத்தில் பங்களா. வெள்ளைச் சுவர், கறுப்புச் சட்டம், சுற்றிலும் புல்வெளி. தொழிலாளிக்கு வரிசை வீடு. நம் ஊர் மில் லைன் மாதிரிதான். ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் நாலு வீட்டுக்கு மணக்கும்.

அந்த வரிசை வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மரம் ஒன்றைப் பார்த்தார்கள். மரத்தடியில் முருகனைப் பார்த்தார்கள். 1960களின் தொடக்கத்தில் தளத் தொழிலாளர்கள் கும்பிட ஆரம்பித்த அந்தக் கோயிலுக்கு 'புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம்' என்று பெயர். பிற்பாடு பக்கத்து ஈசூன் வட்டாரத்துக்கு இடம் மாறினாலும், பெயரில் மரம் போகவில்லை. பங்குனி உத்திரம் வந்தால் இன்றும் காவடி ஆடுகிறது. பால் குடம் போகிறது.

கடற்கரைப் பக்கம் மலாய்க் குடும்பங்கள் கட்டிய சின்னப் பள்ளிவாசலும் இன்றுவரை நிற்கிறது. சுற்றியிருந்த கம்பம், அதாவது மலாய்க் கிராமம், காலி செய்யப்பட்ட பிறகும் தொழுகைக்கு வெளியூரிலிருந்தும் வருகிறார்கள்.

இடி விழுந்த ஜனவரி

1968 ஜனவரி 16ஆம் தேதி. லண்டனில் பிரதமர் ஹரால்டு வில்சன் ஓர் அறிவிப்பு செய்தார்.

"1971 முடிவதற்குள் சிங்கப்பூரிலிருந்து படைகளை விலக்கிக்கொள்கிறோம்" என்பது அதன் சாரம்.

பிரிட்டன் கையில் பணமில்லை. இரண்டு மாதத்துக்கு முன்புதான் பவுனின் மதிப்பையே குறைத்திருந்தார்கள். அவர்களுக்கு அது கணக்கு. சிங்கப்பூருக்கு அது இடி!

தனி நாடாகி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. நாட்டின் மொத்த வருமானத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு பிரிட்டிஷ் தளங்களை நம்பியிருந்தது. தளத்தில் வேலை பார்த்தவர் மட்டுமா? அவர்களுக்குத் துணி வெளுத்தவர், முடி வெட்டியவர், டீக்கடை போட்டவர், டாக்சி ஓட்டியவர் எல்லோர் வயிற்றிலும் புளி கரைந்தது.

தமிழர்களுக்கும் மலையாளிகளுக்கும் இன்னொரு சிக்கல். பல பேர் குடியுரிமை வாங்காமல் இருந்தார்கள். "இன்னும் ரெண்டு வருஷம் சம்பாதிச்சிட்டு ஊருக்குப் போயிடலாம்" என்று சொல்லிச் சொல்லியே இருபது வருஷம் ஓடியிருந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய உரிம அட்டை வேண்டும் என்று சட்டம் வந்திருந்த நேரம் அது. பணிக்கொடையை வாங்கிக்கொண்டு பெட்டி படுக்கையோடு கப்பல் ஏறியவர்கள் ஏராளம்.

பெரிய தொழிற்சாலை ஒன்று மூடினால் ஊர் என்ன ஆகும் என்பது சேலத்துக்காரர்களுக்குத் தெரியாததல்ல. 1935ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. கதாசிரியர், நடிகர், லைட் பாய் என்று எத்தனை பேருக்குச் சோறு போட்டது! இன்று ஏற்காடு சாலையில் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. உள்ளே வீடுகள்.

செம்பவாங்கும் அப்படி வெறும் வளைவாக முடிந்திருக்க வேண்டியதுதான். முடியவில்லை.

ஒரு வெள்ளி பேரம்

1968 டிசம்பரில் கப்பற்படைப் பட்டறையைச் சிங்கப்பூர் அரசு ஏற்றுக்கொண்டது. சம்பிரதாயத்துக்கு விலை ஒரு வெள்ளி. டாக், கிரேன், பட்டறை எல்லாம் சேர்த்து!

அதே வருஷம் 'செம்பவாங் கப்பல் பட்டறை' என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். போர்க்கப்பலுக்குப் பதில் எண்ணெய்க் கப்பல், சரக்குக் கப்பல் என்று யார் வந்தாலும் பழுது பார்த்துக் கொடுத்தார்கள். நேற்றுவரை 'ராயல் நேவி'க்கு வெல்டிங் வைத்த அதே கைகள், இன்று வியாபாரக் கப்பலுக்கு வைத்தன. ராஜாங்கம் மாறினால் என்ன, துருப்பிடித்த தகடு தகடுதானே!

1971 அக்டோபர் 31ல் பிரிட்டிஷ் படைத் தலைமை கொடியை இறக்கியது. ஊர் பட்டினி கிடக்கும் என்று பயந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். காலி செய்த இடங்களில் தொழிற்சாலை வந்தது. கப்பல் பழுது பார்ப்பில் உலகம் தேடி வரும் ஊராகச் சிங்கப்பூர் மாறியது.

பீரங்கியும் போர்க்கப்பலும் காப்பாற்றாத ஊரை, தொழில் தெரிந்த கைகள் காப்பாற்றின. செம்பவாங் சொல்லும் பாடம் இதுதான்.

இன்று போய்ப் பார்த்தால்...

சேலம், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் பெற்றோரும் போய் வருகிறார்கள். விசா கையில் இருந்தால் போதும். திருச்சியிலிருந்து விமானத்தில் நாலு மணி நேரம்தான். பாட்டன் கப்பலில் போன தூரம் இது!

போனவர்கள் பெரும்பாலும் தேக்கா மார்க்கெட், சிராங்கூன் சாலை, முஸ்தபா கடையோடு திரும்பிவிடுகிறார்கள். ஒரு நாள் ஒதுக்கி வடக்கே போனால் செம்பவாங். எம்.ஆர்.டி. ரயிலில் முக்கால் மணி நேரம். நிலையத்தில் இறங்கினால் கடற்கரைப் பூங்காவுக்கு பஸ் இருக்கிறது.

போகிற வழியில் பெயர்ப் பலகைகளைப் படிக்க வேண்டும். அட்மிரால்டி, கான்பெரா, வெலிங்டன், மாண்ட்ரீல், மால்டா, ஜிப்ரால்டர், டெல்லி! பிரிட்டிஷ் கொடி பறந்த ஊர்களையெல்லாம் தெருப் பெயராக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சாம்ராஜ்யம் போய்விட்டது. தபால் விலாசத்தில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது.

மரத்தின் நிழலில் இன்னும் அந்தக் கறுப்பு வெள்ளை பங்களாக்கள் நிற்கின்றன. இப்போது வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். கடலை ஒட்டிய 'பியூலி இல்லம்' ஒரு காலத்தில் கப்பற்படைத் தளபதி தங்கிய வீடு. இன்று அது ஓட்டல். அதன் முன்னால்தான் படகுத் துறை. தூண்டில்காரர்களின் ராஜ்யம்.

சிறிசுகளோடு போனவர்கள் செம்பவாங் வெந்நீர் ஊற்றையும் பார்க்கலாம். பூமிக்கடியிலிருந்து 70 டிகிரி சூட்டில் தண்ணீர் வருகிறது. முட்டையை வாளியில் போட்டு வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். முட்டைக்குப் பேர்போன நாமக்கல்காரர்களுக்கு இது கட்டாயம் பிடிக்கும்!

அட்மிரல் மேட்டில் இட்லி

முக்கியமான இடம் இன்னொன்று. 'அட்மிரால்டி ஹவுஸ்' என்ற பெரிய பங்களா. 1939ல் கட்டியது. கப்பற்படைப் பெரிய அதிகாரிகள் குடியிருந்த மேடு அது. தொழிலாளி அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க முடியாது. 2002ல் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள்.

இப்போது அந்த மேட்டைச் சுற்றி 'புக்கிட் கான்பெரா' என்று பொதுமக்களுக்கான வளாகம் வந்துவிட்டது. மலாய் மொழியில் புக்கிட் என்றால் குன்று. நீச்சல் குளம், மருந்தகம், சாப்பாட்டுக் கடைகள், பெரியவர்கள் கூடும் இடம் எல்லாம் அங்கேயே. அட்மிரல் துரை நடந்த புல்லில் அடுக்குமாடிவாசிகள் காலை நடை போகிறார்கள்.

கரையோரத்தின் ஒரு பகுதியில் நட்பு நாட்டுப் போர்க்கப்பல்கள் இன்னமும் வந்து தங்கிப் போகின்றன. அங்கே வேலி உண்டு. ஆனால் ஊரின் மூச்சு இப்போது அந்த வேலிக்கு வெளியேதான்.

பட்டறையும் போகிறது!

அடுத்த மாற்றமும் வந்துவிட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் சோறு போட்ட கப்பல் பட்டறையும் தீவின் மேற்குக் கோடியான துவாஸுக்கு இடம் மாறுகிறது. அந்த நிலத்தைக் கடலோரக் குடியிருப்பும் பொழுதுபோக்கு இடமுமாக மாற்றப் போகிறோம் என்று 2025 ஆகஸ்டில் சிங்கப்பூர்ப் பிரதமர் லாரன்ஸ் வோங் அறிவித்தார்.

அது முடிந்தால், சுத்தியல் சத்தம் கேட்ட கடைசி இடத்திலும் அமைதி வந்துவிடும்.

அந்த அமைதியில் உட்கார்ந்து காற்று வாங்கப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தக் கரையின் சேற்றை வாரியவர்கள், டாக்குக்குள் இறங்கிப் பாசி சுரண்டியவர்கள், இரும்பை ஒட்டியவர்கள் யார்? அவர்கள் பெயரில் அங்கே தெரு கிடையாது. மன்னர் பெயரில் டாக் இருக்கிறது.  கருப்பண்ணன் பெயரிலும் செல்லம்மாள் பெயரிலும் ஒரு முட்டுச்சந்துகூட இல்லை.

ஆனால் மரத்தடி முருகன் இருக்கிறார். பங்குனி உத்திரத்தன்று அங்கே எழும் 'அரோகரா' சத்தத்தில், சேலம் ஜில்லாவிலிருந்து கப்பலேறிப் போன யாரோ ஒரு பாட்டனின் குரலும் கலந்திருக்கும்!